ஏழு வயதுக் கொளஞ்சியப்பன்

கள்ளக்குறிச்சியில் மூளையை அளக்க ஓர் ஆபீஸ் திறந்தார்கள். கீழே உரக்கடை, மேலே வாடகை மாடியில் 'மாவட்ட நுண்ணறிவு அளவை நிலையம்' என்று பலகை. ரிப்பன் வெட்டி, சால்வை போர்த்தி, வந்தவர்களுக்கெல்லாம் கேசரி கொடுத்தார்கள். கேசரியில் முந்திரி இருந்ததால் யாரும் எதையும் கேட்கவில்லை. இவ்வளவு நீளப் பெயர் நம் ஆட்களின் வாயில் நுழையாது. மறுநாளே அது மூளை ஆபீஸ் ஆகிவிட்டது.

இயக்குநர் டாக்டர் பகலவன். ஊசி போடும் டாக்டர் இல்லை, புத்தகம் எழுதி வாங்கிய டாக்டர். திறப்பு விழாவில் அவர் பேசியதை அப்படியே தருகிறேன். நானாக எதையும் சேர்க்கவில்லை, சேர்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

"பெருமக்களே! நூறு வருஷத்துக்கு முன்னால் பிரான்சு தேசத்தில் ஓர் அறிஞர் இந்த அளவுகோலை உண்டாக்கினார். பள்ளியில் பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டுபிடித்து, கூடுதலாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்பது அவர் எண்ணம். இதை வைத்து யாருக்கும் முத்திரை குத்திவிடாதீர்கள் என்றும் அவர் எழுதிவைத்தார். அது அவருடைய சொந்த அபிப்பிராயம். நாம் அளவுகோலைத்தான் வாங்கியிருக்கிறோம், அபிப்பிராயத்தை வாங்கவில்லை. பிறகு அமெரிக்காவில் இதை எடுத்துக்கொண்டார்கள். கப்பலில் வந்து இறங்கிய ஏழைபாழைகளைத் துறைமுகத்திலேயே உட்காரவைத்துச் சோதித்தார்கள். பாஷை தெரியாது, பசி வேறு, கடலில் வாந்தியெடுத்துக் களைத்த ஜனம். சோதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் மந்தபுத்தி என்று முடிவு வந்தது! அடுத்து, பட்டாளத்துக்கு வந்த ஆட்களைச் சோதித்தார்கள். சராசரி மன வயது பதின்மூன்று! அந்தப் பதின்மூன்று வயதுக்காரர்கள்தான் போய் யுத்தத்தை ஜெயித்தார்கள் என்பது வேறு விஷயம். விஞ்ஞானத்தில் அதையெல்லாம் பார்க்கக் கூடாது."

மன வயது என்றால் என்ன என்று முன்வரிசையில் யாரோ கேட்டுத் தொலைத்தார்கள். நாற்பது வயது ஆள், ஏழு வயதுப் பிள்ளை சொல்லும் அளவுக்குத்தான் பதில் சொன்னார் என்றால் அவருடைய மன வயது ஏழு. அவ்வளவுதான் சாஸ்திரம். இதற்கு ஒரு ஜீப், ஒரு மரப்பெட்டி, படம் போட்ட அட்டைகள், சோதிக்க நிர்மலா என்று ஒரு பெண் அலுவலர்.

ஜீப் முதலில் கல்வராயன் மலைக்குத்தான் ஏறியது. பரிசோதனை என்றாலே ஏழைகளின் வீட்டுப் பக்கம்தான் வண்டி திரும்பும், அது உலக வழக்கம்.

கரியாலூருக்குச் சற்றுத் தள்ளி ஒரு சின்ன ஊரில் கொளஞ்சியப்பன் இருந்தார். சொந்த நிலம் கிடையாது. மலையில் வேலை இருந்தால் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி பிடுங்குவார், இல்லாவிட்டால் கீழே இறங்கிக் கரும்பு வெட்டுவார். மனைவி பாப்பாத்தி. ஒரே மகள் எழில்மதி, பத்து வயது. அஞ்சாம் வகுப்பு முடித்தவளுக்கு எலவனாசூர்கோட்டைப் பக்கம் தங்கிப் படிக்கும் பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு இடம் கிடைத்திருந்தது. சும்மா கிடைக்கவில்லை. அவளுடைய டீச்சர் அலையாய் அலைந்து வாங்கிக்கொடுத்த இடம். அது கை நழுவினால் அடுத்த சீசனில் எழில்மதியும் அப்பனோடு தோட்டத்தில் கரும்பின் காய்ந்த சோகை கழிப்பாள், அதற்கடுத்து எவனுக்காவது கட்டிக்கொடுத்துவிடுவார்கள். இது கொளஞ்சியப்பனுக்குத் தெரியும். அதனால் அந்த இடத்தைக் குலசாமி கொடுத்த வரமாக நினைத்துக்கொண்டிருந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே. விடுதியில் சேரும் பிள்ளைகள் மன வயதுச் சான்று கொண்டுவர வேண்டும் என்று அந்த வருடம் ஓர் உத்தரவு வந்தது.

இங்கே மலைப்பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜீப்பில் வந்து இறங்கி, கையில் காகிதத்தோடு யார் எதைக் கேட்டாலும், அந்த ஊர்களில் ஒரே பதில்தான்: தெரியாது. காரணம் இல்லாமல் இல்லை. இதற்கு முன் ஜீப்பில் வந்தவர்கள் கேட்ட கேள்விகள் அந்த மாதிரி. உங்கப்பன் எங்கே? ஓடைப் பக்கம் புகை வருதே, என்ன காய்ச்சுறாங்க? இந்த விறகு எந்த மரத்துது? ஒரு குழந்தை வெகுளியாகப் பதில் சொன்னால் சாயங்காலம் யாருடைய அப்பனாவது லாக்கப்பில் இருப்பான். அதனால் பால்குடி மறக்கும்போதே பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். எழில்மதிக்குக் கொளஞ்சியப்பன்தான் கற்றுக்கொடுத்தார்.

"உன் பேர் என்னம்மா?" என்றார் நிர்மலா, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு.

"தெரியாதுங்க."

"உன் கையில எத்தனை விரல் இருக்கு?"

எழில்மதி கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "தெரியாதுங்க."

நிர்மலா மாட்டுப் படத்தைக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே ஒரு நிஜ மாடு கத்திக்கொண்டிருந்தது. மாடு என்று சொன்னால் அடுத்தது யார் மாடு என்று கேட்பார்கள், எந்தக் காட்டில் மேய்கிறது என்று கேட்பார்கள். எழில்மதிக்கா தெரியாது? "தெரியாதுங்க" என்றாள்.

அன்றைக்கு அந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மன வயது நான்கு. பூச்சியம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அச்சடித்த தாளில் நான்குக்குக் கீழே கட்டம் இல்லை.

வேறொருவராக இருந்தால் ஒரு ஊர்ப் பிள்ளைகள் மொத்தமும் பெயர் தெரியாது என்கிறார்களே, என்ன சங்கதி என்று யோசித்திருப்பார். டாக்டர் பகலவன் கட்டுரை எழுதினார். உயரம் கூடக்கூட அறிவு குறைகிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஊட்டியிலே பெரிய பெரிய பள்ளிக்கூடம் இருக்கிறதே ஐயா என்று ஒரு நிருபர் கேட்டதற்கு, "அங்கே ஃபீஸ் ஜாஸ்தி, அதனால் உயரம் பாதிக்காது" என்று பதில் சொன்னார். அதையும் பத்திரிகையில் போட்டார்கள்.

விடுதிக்குச் சான்று கேட்டவள் அவள் ஒருத்திதான் என்பதால் எழில்மதியை மட்டும் அங்கன்வாடியில் சேர்க்கச் சொல்லி ஆணை வந்தது. முழங்கால் முகவாயில் இடிக்க அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து அவள் சத்துமாவு உருண்டை தின்றாள், சின்னதுகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டாள், தூங்காததுகளைத் தட்டித் தூங்கவைத்தாள். அங்கன்வாடி ஆயாம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "இதே மாதிரி மந்தபுத்தி இன்னும் ரெண்டு இருந்தா அனுப்பச் சொல்லுங்க" என்றார்.

கொளஞ்சியப்பன் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினார்.

"ஐயா, எம்பொண்ணு மேல தப்பு இல்லீங்க. ஜீப்புல வந்து கேட்டா தெரியாதுன்னு சொல்லுன்னு நாந்தான் கத்துக் குடுத்தேன். அது நல்லாப் படிக்குங்க."

டாக்டர் பகலவன் தலையை நிமிர்த்தவில்லை. அவர் முன்னால் ஒரு விண்ணப்பம் இருந்தது. விண்ணப்பம் இருக்கும்போது அவர் ஆளைப் பார்ப்பது வழக்கமில்லை. "பாத்தீங்களா நிர்மலா? தெரியாதுங்கறதைக்கூட அப்பன்தான் கத்துக்கொடுத்திருக்கான். பரம்பரை! இதைத்தான் நான் தேடிக்கிட்டு இருந்தேன். தகப்பன் ஒப்புக்கொண்டான்னு எழுதிக்குங்க."

"ஐயா, மறுபடி ஒருக்கா கேட்டுப் பாக்கச் சொல்லுங்க, அதுவே போதும்."

"மறுபரிசீலனை கேக்கணும்னா கேக்கறவன் புத்தி ஸ்வாதீனமா இருக்கணும். உன் புத்தி ஸ்வாதீனமா இருக்குன்னு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க."

"அதான். உட்காரு."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, மகளுக்காகப் போன மனுஷனைப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஏதோ ஒரு சீமையில் வரைந்த வீட்டுப் படத்தை நிர்மலா காட்டினார். இந்த வீட்டில் என்ன குறைகிறது?

கொளஞ்சியப்பன் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "வூட்ல ஆளே இல்லீங்களே?"

தவறு. புகைபோக்கி இல்லை என்பதுதான் சரியான விடை. கள்ளக்குறிச்சி முழுக்கத் தேடினாலும் வீட்டுக்கு மேல் புகைபோக்கி வைத்தவன் ஒருத்தன் கிடைக்கமாட்டான். இருந்தாலும் விடைத்தாளில் அப்படித்தான் இருந்தது. "புகைபோக்கி" என்று நிர்மலாவே சொல்லிக் கொடுத்துவிட்டு, முட்டை போட்டார்.

"தெரியாத ஊர்ல வழி தவறிட்டீங்க. தெருவுல ஒரு போலீஸ்காரர் நிக்கறார். என்ன செய்வீங்க?"

"ஓடிருவேங்க." நிர்மலாவின் பேனா நின்றதைப் பார்த்துத் திருத்திக்கொண்டார். "இல்லீங்க, ஓடுனா தொரத்துவாங்க. மெதுவா நடந்துதான் போவேன்."

"உங்க பக்கத்து வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க, என்ன தொழில் செய்யறாங்க?"

இதற்குத்தான் காத்திருந்த மாதிரி கொளஞ்சியப்பன் உஷாரானார். ஓஹோ, சுத்தி வளைத்து இங்கேதான் வருகிறீர்களா! அதற்குமேல் கேட்ட அத்தனைக்கும் தெரியாதுதான். கட்டை அடுக்கச் சொன்னபோது மட்டும் நன்றாக அடுக்கினார். அதனால் ஏழு வயது வந்தது.

"மனசு விட்டுடாதே" என்று டாக்டர் பகலவன் ஆறுதல் சொன்னார், காகிதத்தில் கையெழுத்துப் போட்டபடியே. "உன் மகளை விட நீ மூணு வயசு பெரியவன்."

சான்றிதழை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்புகிற பஸ்ஸில் ஏறினார். எழுதியிருப்பதைக் கொஞ்சம் படித்துச் சொல்லும்படி கண்டக்டரிடம் நீட்டினார். கண்டக்டர் படித்தார், முத்திரையைப் பார்த்தார், அதில் அரசாங்கக் கோபுரத்தைப் பார்த்ததும் பயந்தார், அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். கொளஞ்சியப்பன் முதலில் இதை நல்ல சகுனம் என்றுதான் நினைத்தார்.

அடுத்த சகுனம் மேஸ்திரி தங்கதுரை. கரும்பு வெட்டுக்கு ஆள் கூட்டிப்போகிறவர். விஷயம் கேள்விப்பட்டு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிவிட்டார். "யப்பா கொளஞ்சி, உன்ன வேலைக்கு வெச்சா, புள்ளைய வேலைக்கு வெச்சான்னு என்னைத் தூக்கி உள்ள போட்ருவாங்க. வளந்து வா, அப்பறம் பாக்கலாம்."

"இன்னா அண்ணே, என் வயசு உனக்குத் தெரியாது?"

"எனக்குத் தெரியும். சர்க்காருக்குத் தெரியலியே."

மூன்றாவது, பாப்பாத்திக்கு வந்த நோட்டீஸ். ஏழு வயதுச் சிறுவனை மணந்த குற்றத்துக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? இது முதல் கேள்வி. திருமணம் நடந்து பன்னிரண்டு வருடமாகிறது. அப்படியானால் தாலி கட்டியபோது மணமகன் பிறக்கவே இல்லை. பிறக்காதவர் கட்டிய தாலி செல்லுமா என்பது இரண்டாவது கேள்வி. நோட்டீஸ் கொண்டுவந்த ஆளை வாசலிலேயே நிறுத்தினாள் பாப்பாத்தி.

"பொறக்காதவனா? அப்ப என் கழுத்துல மூணு முடிச்சு எவன் போட்டான், உங்க ஆபீசரா? போயா, போய் கேட்டுக்கினு வா!"

அந்தம்மாளையும் அளக்க வேண்டும் என்று ஜீப் வந்தது. ஜீப் சத்தம் கேட்டதும் பாப்பாத்தி அரிவாளை எடுத்துக்கொண்டு கிழங்குக் காட்டுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் ஜீப் இறங்கின பிறகுதான் வந்தாள். எத்தனை முறை வந்தாலும் அதே கதைதான்.

வேலை போனது. வீட்டில் களிக்குக்கூட இழுபறி. ஆனால் கொளஞ்சியப்பனுக்கு அது பெரிய கவலையாக இல்லை. பள்ளி திறக்க நாள் நெருங்குகிறது, மகளோ அங்கன்வாடியில் 'நிலா நிலா' பாடிக்கொண்டிருக்கிறாள். அதை நினைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் அவளைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார்.

"எழிலு. இனிமே அந்தம்மா வந்து கேட்டா எல்லாத்துக்கும் பதில் சொல்லு."

எழில்மதி நம்பவில்லை. "நீதான சொல்லக்கூடாதுன்ன?"

"நாந்தான் சொன்னேன். இப்பவும் நாந்தான் சொல்றேன், சொல்லிடு."

ஊரே அவரைக் கோபித்துக்கொண்டது. ஒரு பிள்ளை வாயைத் திறந்தால் நாளைக்கு எல்லாருக்கும்தானே ஆபத்து? அவர்கள் சொன்னதும் நியாயம்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார், முடிவை மாற்றவில்லை.

அங்கன்வாடிக் குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்க நிர்மலா மறுபடி வந்தார். எழில்மதி மடை திறந்த மாதிரி சொன்னாள். எண்களைத் தலைகீழாகச் சொன்னாள், கட்டைகளை அடுக்கினாள், கதை கேட்டுக் கதை சொன்னாள். வீட்டுப் படத்தைப் பார்த்ததும், "புகைபோக்கிதான? எங்கப்பாவுக்கு நீங்கதான் சொன்னீங்களாம்" என்றாள். மன வயது பதினாறு வந்தது.

ஒரு பிள்ளைக்கு ஏப்ரலில் நான்கு, மே மாதத்தில் பதினாறு. தராசில் நெல்லை வைத்தால் கூட இப்படி ஆடாது. எடைக்கடைக்காரனாக இருந்தால் தராசைத் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பான். டாக்டர் பகலவன் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டார்.

"பன்னிரண்டு வருஷ வளர்ச்சியை எங்கள் நிலையம் ஒரே மாதத்தில் சாதித்திருக்கிறது! சரியான நேரத்தில் அங்கன்வாடியில் சேர்த்தோமே, அதுதான் காரணம். நாங்கள் தலையிடாமல் இருந்திருந்தால் இந்தக் குழந்தையின் கதி என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள்."

படம் எடுத்தார்கள். எழில்மதி ஆறாம் வகுப்புக்குத் தகுதியானவள் என்று எழுதியும் கொடுத்தார்கள். பாப்பாத்தி தகரப் பெட்டியைத் துடைத்து வைத்தாள். பாவாடை தைக்கக் கொடுத்தாயிற்று. எல்லாம் சுபம் என்று நான் இங்கே முடித்திருப்பேன். ஆனால் அரசாங்கத்துக்கு ஒரு கோப்பு திறந்தால் மூடத் தெரியாதே.

அந்தக் குடும்பத்தில் ஏழு வயதுக் குழந்தை ஒன்று பாதுகாப்பில்லாமல் இருக்கிறது என்பது டாக்டருக்குத் திடீரென்று நினைவு வந்தது. கொளஞ்சியப்பன் என்ற குழந்தை. அதை யார் பார்த்துக்கொள்வது?

"அவங்க மனைவி இருக்காங்களே சார்?" என்றார் நிர்மலா.

"அந்தம்மா சோதனைக்கு வரலை. அளக்காத அறிவு, இல்லாத அறிவு. அந்த வீட்டுல அளந்து முத்திரை போட்ட ஒரே பெரிய ஆள் இந்தப் பொண்ணுதான். அவளையே பாதுகாவலரா போட்டுடுங்க."

"சார், பதினாறுன்னாலும் மைனர்தானே?"

"நிர்மலா, நீங்க டவுன்ல வளந்தவங்க. மலையில பொம்பளப் பிள்ளைக்குப் பதினாறுன்னா குடும்பஸ்தி." பாப்பாத்திக்குக் குழந்தைத் திருமண நோட்டீஸ் அனுப்பியதும் இதே கைதான் என்பதை நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

ஆணை மலைக்கு வந்தது. எழில்மதிதான் வாசித்தாள். குழந்தை கொளஞ்சியப்பன் தன் காவலில் இருக்கும்வரை பாதுகாவலர் எழில்மதி வீட்டை விட்டு வெளியூரில் தங்கக் கூடாது. விடுதி இடம் ரத்து செய்யப்படும்.

பாப்பாத்தி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "நாசமாப் போறவனுங்க! முட்டாளுன்னாலும் போவ வுடமாட்டேங்கறான், புத்திசாலின்னாலும் போவ வுடமாட்டேங்கறான். எம்பொண்ணு எம்மாந்தான் மூளய வெச்சிக்கினு பொறந்திருக்கணும்?"

கொளஞ்சியப்பன் வாசலில் குந்தியிருந்தார். "எழிலு, புள்ள காவல்ல இருக்கிற வரைக்கும்னுதான போட்டிருக்குது?" என்றார்.

"ஆமாம்பா."

"புள்ள ஓடிப்பூட்டா?"

எழில்மதிக்கு உடனே விளங்கிவிட்டது. "வேணாம்பா. நான் படிக்கவே வேணாம்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஒற்றைப் பிள்ளையைப் பார்க்காமல் தன்னால் இருக்க முடியாது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

"அழுவாத. ஜீப்பு வந்தா காட்டுல மறஞ்சி மறஞ்சிதான இத்தினி வருசம் பொழச்சோம். இப்ப கொஞ்சம் தூரமா மறையப் போறேன், அம்மாந்தான். நான் வூட்ல இருந்தா நீ கரும்புக்குப் போவ. நான் இல்லாங்காட்டி பள்ளிக்கூடம் போவ. இதுல யோசிக்க இன்னா இருக்குது?"

மறுநாள் விடிந்ததும் அவர் இல்லை. அரை டிக்கெட் வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

பாதுகாவலர் என்ற முறையில் எழில்மதியே மூளை ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தாள். "எங்க வூட்டுப் புள்ளைய காணோங்க" என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள். சொல்லும்போது அவளுக்கு நிஜமாகவே அழுகை பீறிட்டு வந்தது. நிர்மலா தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டார். காவலில் குழந்தை இல்லாத பாதுகாவலர் விடுதியில் சேரத் தடையில்லை என்று அன்றைக்கே எழுதியும் கொடுத்துவிட்டார். அந்த ஆபீசில் யாரோ ஒருவர் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

எழில்மதி ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். நிலையம் குழந்தையைத் தேட ஆரம்பித்தது.

தேடினார்கள் ஐயா, அப்படித் தேடினார்கள். ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரொட்டி அடித்தார்கள். 'காணவில்லை. பெயர்: கொளஞ்சியப்பன். வயது: ஏழு. அடையாளம்: மீசை உண்டு. அறிவு கம்மி. கண்டால் மிட்டாய் கொடுத்து உட்காரவைத்து எங்களுக்குத் தகவல் தரவும்.' திருநாவலூர்க் கோவில் திருவிழாவில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஆள் போட்டுப் பார்த்தார்கள். பலூன்காரர்களை விசாரித்தார்கள். குழந்தைகள் இல்லங்களில் ஏழு வயதுப் பையன்களையெல்லாம் வரிசையாக நிற்கவைத்து மீசை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்கள்.

கொளஞ்சியப்பன் அதே திருநாவலூரில், சாலையோரத் தோட்டத்தில், பட்டப்பகலில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். புது மேஸ்திரி மன வயதெல்லாம் கேட்கவில்லை, அரிவாள் பிடித்துக் காய்த்த கையைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். ஜீப் அந்த வழியாக எத்தனையோ தடவை போனது. சிறுவனைத் தேடுகிறவன் கண்ணுக்குச் சித்தப்பா வயதுக்காரர் எப்படித் தெரிவார்?

ஞாயிற்றுக்கிழமை ஆனால் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மகளின் பள்ளிக்குப் போவார். உள்ளே விடமாட்டார்கள். அப்பா என்று சொன்னால் அட்டையைக் கேட்பார்கள், அட்டையைக் காட்டினால் ஆள் அகப்பட்டுக்கொள்வார், அகப்பட்டால் அவள் படிப்பு போச்சு. ஆகவே எதிரே ராமசாமியின் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கேட்டுக்குப் பக்கத்தில் உள்ள குழாயடிக்கு எழில்மதி குடத்தோடு வருவாள். குடம் நிறைகிறவரை இவர் அவளைப் பார்ப்பார், அவள் இவரைப் பார்ப்பாள். கையைக்கூட ஆட்டிக்கொள்வதில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜீப் வந்து டீக்கடை வாசலிலேயே நின்றது. இறங்கியவர் டாக்டர் பகலவன். கொளஞ்சியப்பன் எழுந்திருக்கப் பார்த்தார். ஓடினால் துரத்துவார்கள் என்று அப்படியே உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் அதே பெஞ்சில், பக்கத்திலேயே உட்கார்ந்து டீ சொன்னார். ஒரு சுவரொட்டியைப் பிரித்து நீட்டினார்.

"ஐயா, இந்தப் பக்கம் இந்தப் பையனைப் பாத்தீங்களா?"

கொளஞ்சியப்பன் தன் முகத்தையே பார்த்தார். "இல்லீங்களே."

"ஏழு வயசு. பாவம், விவரம் பத்தாது. நானே சோதிச்ச கேசு." அவருடைய முகத்துக்கு நேராகவே டாக்டர் இதைச் சொன்னார். ஆபீசில் விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு முகம் எப்படி ஞாபகம் இருக்கும்?

ராமசாமி சுவரொட்டியைப் பார்த்தார், கொளஞ்சியப்பனைப் பார்த்தார், பால் பொங்குகிறதா என்று குனிந்துகொண்டார்.

குழாயடியில் எழில்மதி குடத்தை வைத்துவிட்டு, அசையாமல் நின்றாள். தண்ணீர் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க பொண்ணா? இங்கேயே பாத்துக்கிட்டு நிக்குதே" என்றார் டாக்டர். அவளோடு படம் எடுத்துக்கொண்டபோதும் அவர் காமிராவைத்தான் பார்த்திருந்தார்.

கொளஞ்சியப்பனால் பொய் சொல்ல முடியவில்லை. "ஆமாங்க. எம்பொண்ணு."

"எந்த வகுப்பு?"

"ஆறாவதுங்க. நல்லாப் படிக்குதுங்க."

"சந்தோஷம். பாருங்க, உங்களை மாதிரி ஒவ்வொரு அப்பனும் பொறுப்பா வந்து பாத்துக்கிட்டா, எங்களுக்கு இந்த வேலையே இல்லை. அந்தப் பையன் குடும்பமும் இருக்கே! புள்ளை காணாமப் போயி இத்தனை மாசம் ஆகுது, மனு குடுத்ததோட சரி, அப்பறம் ஒருத்தராவது வந்து ஏன்னு கேக்கலை. அந்த ஜனங்களுக்குப் பாசம்னா என்னன்னு தெரியாதுங்க. அடுத்தது அதை அளக்கத்தான் ஒரு அளவுகோல் தயார் பண்ணிக்கிட்டு இருக்கேன்." டீயைக் குடித்து முடித்து எழுந்தார். "ஒரு உதவி பண்ணுங்க. இதுல ஒண்ணை ஆள் கண்ணுல படற இடமா பாத்து ஒட்டிவிடுங்க. புண்ணியமாப் போகும்."

ஜீப் கிளம்பி உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் போனது. கொளஞ்சியப்பன் அந்தக் காகிதத்தை மடியில் விரித்துப் பார்த்தார். பிறகு ராமசாமியிடம் கொஞ்சம் பசை கேட்டார். கடையின் வெளிச்சுவரில், பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கு நேர் எதிரே, இடம் பார்த்தார்.

"ஏம்பா, பைத்தியமா புடிச்சிருக்குது உனக்கு? உன்ன நீயே காட்டிக் குடுத்துக்கிறியே!" என்றார் ராமசாமி.

"வெட்டு முடிஞ்சா எந்த ஊருக்கு இட்டுக்கினு போவானோ தெரியல. ஞாயித்துக்கெழம வர முடியுமோ என்னமோ. அது டெய்லி காலீல பல்லு வெளக்க அந்தக் கொழாகிட்டதான் வருது. வந்தா என் மொகத்தப் பாக்கட்டும்."

ராமசாமி பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். கொளஞ்சியப்பன் சுவரொட்டியை நிமிர்த்தி வைத்து, சுருக்கமில்லாமல் உள்ளங்கையால் நீவினார். குழாயடியில் இருந்து எழில்மதி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மழ வந்தா நிக்குமா?" என்று கேட்டார்.

"மைதாப் பசதான். நிக்கும்."

கொளஞ்சியப்பன் மூலைகளுக்கு இன்னும் கொஞ்சம் பசை எடுத்துத் தடவினார்.